பஷீர் பாய்க்குக் கேட்கிற அளவுக்கு

கை தட்டினால் நோய் போய்விடுமா என்று கேட்டவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவானைக்காவலில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு மரியாதையாக எல்லாரும் கை தட்டவேண்டும் என்று டி.வி.யில் சொல்லியிருந்தார்கள். ஒருவர் பூஜை மணியோடு வந்தார். எதிர்வீட்டு ராஜி அக்கா எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்த அடியில் அது நெளிந்தே போனது. நானும் வெளியே போய்த் தட்டினேன். தட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் மட்டும் கூடத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே வந்ததும், “தட்டி முடிச்சாச்சா? நோய் தெருமுனையைத் தாண்டிடுச்சாமா?” என்று கேட்டார்.

அவர் சுபாவம் அப்படி. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாலை போட்டு அனுப்பிவைத்த அன்று எல்லாரும் கை தட்டியபோது, “போதும்பா, ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு ஆள் வந்துட்டான்” என்று மாலையைக் கழற்றி மெஷின்மேல் போட்டுவிட்டு வந்தவர்.

போன வைகாசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இந்தக் கைதட்டல் பேச்சு மறுபடி வந்தது. எல்லாம் வெறும் கூத்து என்றார் ஒருவர். அந்த நேரத்தில் நம்மால் வேறென்ன செய்ய முடிந்தது என்றார் இன்னொருவர். சம்பளத்தையும் கையுறையையும் கொடுக்காமல் கைதட்டலைக் கொடுத்தார்கள் என்று ஒரு பெண் கோபமாகச் சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீங்கள் நோயோடு ஆஸ்பத்திரிக்குள்ளே இருந்துவிட்டு வந்தவர்களாயிற்றே, நீங்கள் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். ரசத்துக்கும் மோருக்கும் நடுவே சொல்லி முடிக்கிற விஷயமா அது? வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கினேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

நோய் எங்கள் வீட்டுக்குள் ஆனி மாதத்தில் வந்தது. முதலில் எனக்குத்தான். சாம்பாருக்குத் தாளிக்கிறேன், பெருங்காய வாசனையே வரவில்லை. டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கற்பூரம் கொளுத்தினேன். சுடர்தான் தெரிந்தது, மணம் இல்லை. மறுநாள் அவருக்குக் காய்ச்சல்.

பரிசோதனை என்பது வேறொன்றுமில்லை, நீளமான பஞ்சுக் குச்சியை மூக்குக்குள் விட்டு, மூளையையே தொடுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள். இரண்டு பேருக்கும் இருக்கிறது என்று போன் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து தெருவில் நின்றது. மார்ச்சில் வாசலுக்கு வந்த அதே தெருதான். அன்றைக்கு ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தப்பட்டது. நாங்கள் ஏறும்போதே கார்ப்பரேஷன் ஆட்கள் எங்கள் கேட்டை மறைத்துத் தகரம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர், “தட்டறாங்க பாரு அகிலா, நமக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ராஜி அக்காவின் ஜன்னலும் சாத்தியிருந்தது. ஆனால் அதே ராஜி அக்காதான், நாங்கள் திரும்பும்வரை எங்கள் வீட்டுத் துளசிக்குத் தகர இடுக்கு வழியாக ரப்பர் குழாயை விட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பயம் ஒரு பக்கம், பிரியம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். திருச்சிக்குள் பெரிய ஆஸ்பத்திரி, மேலே ஏறினால் மலைக்கோட்டை தெரியும். நான் பெண்கள் வார்டில் முதல் மாடி. அவரை ஸ்கேன் எடுத்து நேரே மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் பாதி இடத்தில் சளி படிந்திருக்கிறது என்றார்கள். மழை நாளில் பஸ் கண்ணாடியில் மூச்சுப் பட்டு வெள்ளையாகப் படியுமே, படத்தில் அப்படித்தான் தெரியுமாம். விரல் நுனியில் மாட்டுகிற சின்னக் கிளிப் ஒன்று உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். தொண்ணூற்று ஐந்துக்கு மேல் இருந்தால் நல்லது. அவருக்கு எண்பதுகளில் நின்றது. அதனால் முகத்தில் மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். அவர் அந்த ஆக்சிஜனை விட்டு இறங்கி வருவாரா, மாட்டாரா? அந்த ஒரு கேள்விதான் எனக்கு இருந்தது. ஜுரம், இருமல், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அங்கே வேலை செய்கிறவர்களை முதல் நாள் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடி, இரண்டு கையுறை. நெஞ்சில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதியிருப்பார்கள். பெயரைப் படித்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ளவேண்டும். எங்கள் கோயிலில் உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் சேலை உடுத்திக் கிரீடம் வைத்து அம்பாளாக நடந்து வருவார். அந்த நேரத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம், அம்பாளே சுவாமிக்குப் பூஜை செய்யப் போகிறாள் என்று கும்பிடுவோம். வெள்ளை உடுப்பில் இவர்கள் வரும்போது எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. கும்பிட்டால் கூச்சப்படுவார்கள் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

அவர்களில் ஸ்டெல்லா சிஸ்டர் என்று ஒருத்தி. மூன்றாம் மாடியில் வேலை. கீழே மருந்து எடுக்க வரும்போதெல்லாம் எங்கள் வார்டுக் கதவருகே ஒரு நிமிஷம் நின்று, “ஐயா இட்லி சாப்பிட்டாரும்மா”, “ஐயா இன்னிக்கு என்னைத் திட்டினாரு, அப்போ நல்லாத்தான் இருக்காரு” என்று சொல்லிவிட்டு ஓடுவாள். அந்த உடுப்புக்குள் வேர்த்து, கழற்றும்போது கையுறையிலிருந்து தண்ணீர் கொட்டும் என்று ஆயா சொன்னாள். அந்த உடுப்போடு அவள் எனக்காக நின்ற ஒரு நிமிஷம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது குணமாகி வீட்டுக்குப் போனால், கீழே போர்ட்டிகோவில் டாக்டர், நர்ஸ், கூட்டிப் பெருக்குகிறவர்கள் என்று கையில் வேலை இல்லாதவர்கள் எல்லாரும் இரண்டு வரிசையாக நின்று கை தட்டி வழியனுப்புவார்கள். பழக்கூடையும் கபசுரக் குடிநீர்ப் பொட்டலமும் கொடுப்பார்கள். சத்தம் மாடிக்கெல்லாம் கேட்கும். எங்கள் வார்டில் அதைப் பற்றி இரண்டு கட்சி. ஒருத்தி கேட்டவுடன் எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இன்னொருத்தி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். அவளுடைய அண்ணன் அதே ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். “நடந்து போறவங்களுக்குத் தட்டறாங்க. எங்கண்ணன் கொல்லைப்புற வழியா போனாரு, அவருக்கு யாரு தட்டினா?” என்று ஒருநாள் கேட்டாள். எழுந்து உட்கார்ந்திருந்தவள் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

எனக்குச் சீக்கிரமே சரியாகிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் மேலே ஆக்சிஜனில் இருக்கிறார், நான் கீழே பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறேன். போர்ட்டிகோவில் வரிசை நின்றது. தட்டினார்கள். எனக்குத் தலையைத் தூக்கவே முடியவில்லை. நான் என்ன செய்துவிட்டேன்? கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவர்களல்லவா ராப்பகலாக நின்றவர்கள்? எனக்கு அவர்கள் தட்டுவதும், அதை நான் வாங்கிக்கொண்டு போவதும் தலைகீழாகத் தோன்றியது. வரிசைக் கடைசியில் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு வயசான அம்மா தட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலைத் தொடப் போனேன். “தொடாதீங்கம்மா, மறுபடியும் மேல போகவேண்டியதாயிடும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் வெளியே வந்தேன்.

வீட்டில் தனியறை. காட்டூரிலிருந்து மகள் கவிதா சாப்பாடு செய்து மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புவாள். மாப்பிள்ளை தகரத்துக்கு மேலாகக் கயிறு கட்டிக் கூடையை இறக்குவார். இறக்கும்போது ஒவ்வொரு நாளும், “அத்தை, கிணத்துல தண்ணி எடுக்கிற மாதிரி இருக்கு, நீங்கதான் தண்ணி” என்பார். ஆஸ்பத்திரியில் எங்களிடம் காசு வாங்கவில்லை. வெளியே வாங்கச் சொன்ன ஒரு ஊசி மருந்துக்கு மாப்பிள்ளை தன் வண்டியை விற்றார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். சைக்கிளில் வருவதை உடம்புக்கு நல்லது என்று சொல்லி என்னை நம்பவைத்துவிட்டார்.

அவரிடமிருந்து போன் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். மாஸ்க்குக்குள்ளிருந்து பேசுவதால் பாதி புரியாது. அப்போதுதான் பஷீர் பாய் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

பக்கத்துக் கட்டில்காரர். பெரிய கடைவீதிப் பக்கம் பெட்டி, பை விற்கிற கடை. அதற்கு முன் துபாயில் பல வருஷம். அவருக்கும் ஆக்சிஜன்தான், ஆனால் பேச்சு மட்டும் நிற்காது. என் வீட்டுக்காரர் கையிலிருந்து போனை வாங்கி எனக்குச் செய்தி வாசிப்பார். “தங்கச்சி, அண்ணன் இன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு. மூணாவது வாய்க்கு உப்பு இல்லைன்னு கம்ப்ளெயின்ட். சமையல்காரனைத் துபாய்லேர்ந்தா வரவழைக்க முடியும்?” நான் இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் அளவு எழுபதுகளுக்கு இறங்கிவிட்டது. குப்புறப் படுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மல்லாந்து படுத்தால் நுரையீரலின் பின்பக்கம் அமுங்கிக் கிடக்கும், குப்புறப் படுத்தால் அது விரிந்து காற்று போகும். சொல்வது சுலபம். மூச்சுக்குத் திணறுகிறவரைக் குப்புறப் போட்டால் மூழ்குகிற மாதிரி இருக்குமாம். அவர் முடியாது என்று திரும்பத் திரும்ப மல்லாந்திருக்கிறார். இன்னும் இறங்கினால் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். கவிதாவுக்குப் போன் வந்தது, அவள் எனக்குச் சொன்னாள். சுவாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்தெழுத்தைச் சொன்னேன். வேறொன்றும் என் கையில் இல்லை.

மேலே நடந்ததைப் பிறகு ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னாள். பாய் தன் கட்டிலில் தானே குப்புறப் படுத்துக்கொண்டு, முகத்தை இவர் பக்கம் திருப்பி, “அண்ணே, நான் இப்படிப் படுத்தா எனக்கு உங்க காதுதான் தெரியுது. நீங்களும் திரும்பினா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டுப் பேசலாம். ரெயில்ல கீழ் பெர்த்து ரெண்டுலயும் படுத்த மாதிரி. நீங்க ரெயில்வே ஆளுதானே?” என்றாராம். இவர் திரும்பிவிட்டார். பாய் பட்டறையைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொல்வாராம், என்ஜின் சக்கரம் மரத்தில் செய்வது என்கிற மாதிரி. இவர் அதைத் திருத்துவதற்காகவே மூச்சை இழுத்து இழுத்துப் பேசுவாராம். ஸ்டெல்லா சிஸ்டர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் எண்பதைத் தாண்டியது. குழாய் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே வந்தது. ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி, சர்க்கரை ஏறுகிறது என்று அதற்கு ஒரு ஊசி, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஆக்சிஜனை மெதுவாகக் குறைத்தார்கள். ஆனால் பாய்க்கு ஏறவில்லை. இவர் ஏற ஏற அவர் இறங்கினார். பேச்சும் குறைந்தது. இப்போது இவர் போனில் பாயின் செய்தியை எனக்கு வாசிக்கத் தொடங்கினார். “பாய் இன்னிக்குக் கண்ணைத் திறக்கவே யோசிக்கிறாரு அகிலா” என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கைதட்டலை நிறுத்திவிட்டார்கள். ஒரு குடும்பம் தகப்பனாரின் உடம்புக்காகக் காத்திருந்தபோது போர்ட்டிகோவில் சந்தோஷமாகத் தட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் ஓடிவந்து, எங்களுக்கு இங்கே உலகமே போய்விட்டது, உங்களுக்கு என்ன கொண்டாட்டம் என்று கத்தி அழுதிருக்கிறாள். பெரிய டாக்டர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாராம். இனிமேல் வேண்டாம், பழக்கூடையோடு போதும் என்று சொல்லிவிட்டாராம். அது சரியென்றுதான் எனக்குப் பட்டது. போர்வையை இழுத்துக்கொண்ட அந்தப் பெண்ணை நினைத்தேன்.

ஆனால் மூன்றாம் மாடியில் அது வேறு மாதிரி ஆயிற்று. பாய் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாராம். அவர் கட்டில் ஜன்னல் ஓரம். ஒவ்வொரு தடவை தட்டும்போதும், “ஒருத்தர் தப்பிச்சாச்சு. வழி இருக்கு” என்பாராம். சத்தம் நின்றதும் அவருக்கு என்ன தோன்றியிருக்கும்? யாருமே பிழைத்துப் போகவில்லை என்று நினைத்துவிட்டார். சிஸ்டர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்று நம்பவில்லை.

இவருக்கு நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, பாய் இவர் கையைப் பிடித்தாராம். “அண்ணே, நீங்க கீழ போனதும் தட்டச் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும். நீங்க நடந்து வெளியே போனீங்கன்னு நான் அப்போதான் நம்புவேன். இல்லாட்டி உங்களையும் கொல்லைப்புறமா கொண்டுபோயிட்டாங்கன்னு நினைச்சுக்குவேன்” என்றாராம். இவர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தவர் யார்? தாம்பாளச் சத்தத்துக்கு நாற்காலியை விட்டு எழாதவர்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வாடகைக் கார் வைத்து என்னைக் கூட்டிப் போனார். சக்கர நாற்காலியில் அவரைக் கொண்டுவந்தார்கள். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை. “அகிலா, கைதட்டச் சொல்லணும்” என்றார்.

நாற்காலியைத் தள்ளிவந்த ஸ்டெல்லா சிஸ்டர் தலையை அசைத்தாள். “முடியாதுய்யா. நீங்களே பாருங்க.” அவள் காட்டிய பக்கம் பார்த்தோம். எதிரே வேப்பமரத்தடியில் சிமெண்டுத் திட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகன் போல ஒரு பிள்ளை, இருபத்தைந்து வயசு இருக்கும், கையில் ஒரு வெள்ளை வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். யாருக்கு என்று கேட்கவேண்டியதில்லை.

இவர் நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். எதிரே ஒரு குடும்பம் சாவுக்கு உட்கார்ந்திருக்கிறது. தட்டினாலும் பாவம், தட்டாவிட்டாலும் பாவம். “அவரு காத்துக்கிட்டு இருப்பாரும்மா” என்றார் ஸ்டெல்லா சிஸ்டரிடம், சின்னப் பிள்ளை மாதிரி.

எனக்கு அப்போது சண்டிகேஸ்வரர் ஞாபகம் வந்தார். சிவன் கோயிலில் பிராகாரம் சுற்றும்போது வடக்குப் பக்கம் சின்னச் சந்நிதியில் இருப்பாரே, அவர்தான். சுவாமியின் சொத்துக்கெல்லாம் காவல் அவர். வீட்டுக்குப் போகிறவர்கள் அவர் முன்னால் கையைத் தட்டி, நான் இங்கிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டிவிட்டுப் போகவேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு படார் படார் என்று தட்டுவார்கள். நானும் கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் தட்டினேன். குருக்கள் கடிந்துகொண்டார். அவர் செவிடு இல்லை, தியானத்தில் இருக்கிறார், மனம் கலையாமல் உள்ளங்கையோடு உள்ளங்கை ஒற்றுகிற மாதிரித் தட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

“சிஸ்டர், பாய்க்குப் போன் போடுங்க” என்றேன். “மெதுவா தட்டுவோம். போனுக்குக் கேட்டா போதும். மரத்தடிக்குக் கேக்கவேண்டாம்.” எப்படித் தட்டவேண்டும் என்று செய்து காட்டினேன். அவள் வேதக்கார வீட்டுப் பெண். “இது என்னம்மா, ஜெபம் மாதிரி இருக்கு” என்றாள். ஆமாம், அப்படித்தான் என்றேன்.

மேலே இருந்த சிஸ்டர் பாயின் காதருகே போனை வைத்தாள். கீழே மாப்பிள்ளை போனை நடுவில் நீட்டிப் பிடித்தார். நாங்கள் சுற்றி நின்று, கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்ளக் கை நீட்டுவது போல, அதைச் சுற்றிக் கைகளை வைத்துத் தட்டினோம். இவர், நான், கையுறையோடு ஸ்டெல்லா சிஸ்டர், எனக்குத் தட்டிய அந்தத் துடைப்பக்கார அம்மா. மற்றவர்கள் கையில் சத்தமே இல்லை. கையுறை மட்டும் பொத் பொத் என்றது.

“பாய், கேக்குதா?” என்றார் இவர். “நான் வாசலுக்கு வந்துட்டேன். வெயில் அடிக்குது. கார் நிக்குது.”

அந்தப் பக்கம் ஆக்சிஜன் ஓடுகிற சத்தம்தான் வந்தது. இவர் மறுபடி தட்டினார். நாலு தட்டுக்கே மூச்சு வாங்கியது. ஸ்டெல்லா சிஸ்டர் போதும் என்றாள். இவர் விடவில்லை. “பாய், கேக்குதா?”

“என்னண்ணே…” என்று ஒரு குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. “சரியா கேக்கல. யாரோ துணி துவைக்கிற மாதிரி இருக்கு.”

இவர் என்னைப் பார்த்தார். இதற்குமேல் எப்படித் தட்டுவது? அப்போது நிமிர்ந்தால், மரத்தடியில் நின்ற அந்தப் பிள்ளை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளை போனைக் கீழே இறக்கினார். ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு அடி முன்னால் போய், “மன்னிச்சிருங்க தம்பி, இதோ கிளம்பிடறோம்” என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தான். “நீங்க எந்த மாடிங்க?”

“மூணு” என்றார் இவர். “மேல ஒருத்தர் இருக்காரு தம்பி. சத்தம் கேட்டாத்தான் நம்புவேன்னு படுத்திருக்காரு. அவருக்காகத்தான். தப்பா நினைக்காதீங்க.”

அவன் மேலே ஜன்னல்களைப் பார்த்தான். “எங்கப்பாவும் மூணுதான்” என்றான். பிறகு, “அவரும் தினமும் போன்ல சொல்வாரு, இன்னிக்கு ஒருத்தருக்குத் தட்டினாங்கடான்னு” என்றான். கையிலிருந்த வேட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டான். “இப்படித் தட்டினா மூணாவது மாடிக்குக் கேக்காதுங்க. நல்லா தட்டுங்க. நான் அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்.”

அவ்வளவுதான் சொன்னான். திரும்பி மரத்தடிக்குப் போனான். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஏதோ சொன்னான். அந்த அம்மா எங்கள் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையசைத்தாள்.

முதலில் யாருக்கும் கை வரவில்லை. துடைப்பக்கார அம்மாதான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் தொடங்கினாள். ஸ்டெல்லா சிஸ்டர் தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினாள். உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். என்னால் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு தட்டவும் முடியவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் முடியவில்லை. இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் தொடையில் தட்டினார். அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டே தட்டினார். போனுக்குள்ளிருந்து பாயின் குரல், “கேக்குது, கேக்குது, போதும்ணே, உக்காருங்க” என்று இருமலும் சிரிப்புமாக வந்தது.

பஷீர் பாய் ஆடிப்பெருக்குக்கு முன்னால் இறங்கி வந்துவிட்டார். அந்த வருஷம் காவிரிப் படித்துறைக்கு யாரையும் விடவில்லை. வீட்டிலேயே சொம்பில் தண்ணீர் வைத்துக் கும்பிட்டேன். அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பெட்டி இனிப்பு வந்தது. இப்போதும் இவரும் அவரும் போனில் என்ஜின் சக்கரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

மரத்தடியில் இருந்தவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கார் கிளம்பிவிட்டது. பிறகு ஸ்டெல்லா சிஸ்டரைக் கேட்டோம், அவளுக்கும் தெரியவில்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது எங்கள் வீட்டு முன்னோர் பெயரெல்லாம் சொல்லி நமஸ்காரம் செய்வது என் வழக்கம். அந்த வரிசையில் கடைசியாக, பெயர் தெரியாததால், மூன்றாம் மாடியில் இருந்தவர் என்று சொல்லுகிறேன். அந்த நேரத்தில் இவர் கூடத்தில் எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறார்.